சுந்தரி அக்கா காதில் விழுந்த மராத்திச் சொல்

சுந்தரி அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற செய்தி முதலில் வந்தது எனக்குத்தான். குவைத்தில் இருக்கும் அவருடைய சொந்த மகனுக்கே எனக்குப் பிறகுதான் தெரியும். பூனாவில் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் யார் பிறந்தாலும், யார் மரித்தாலும், முதல் போன் இந்தத் துரை மாமாவுக்குத்தான் வரும். அது எனக்கு ஆண்டவர் கொடுத்த கிருபை, பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று காலையில் கோர்படி ரயில்வே கேட் பக்கம் பால் வாங்க நின்றிருந்தேன். என் தங்கை மகள் ஷீபா கூப்பிட்டாள்.

"மாமா, அக்கா போய்ட்டாங்க. தூக்கத்துலயே. நான் டீ எடுத்துட்டுப் போனேன், எழுந்திருக்கல."

"அப்பாடா" என்றேன் நான்.

பால்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த வார்த்தை எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும். ஒரு சாவுச் செய்திக்கு இப்படிச் சொல்லலாமா என்று வாசிக்கிற நீங்களும் கேட்பீர்கள். அக்காவைக் கடைசி மாதங்களில் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தால் கால் வீங்கும். தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, நாற்காலியிலேயே ராவும் பகலும் கழிந்தது. "ஏ துரை, அங்க எல்லாரையும் கூப்பிடுதாவ, என் பேர மட்டும் விட்டுட்டாவளோ?" என்று என்னிடமே கேட்டார். அப்படிப்பட்டவரைத் தூக்கத்தில், ஒரு முனகல் இல்லாமல், ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்றால் அப்பாடா என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக் கேம்ப் பஜாரே ஸ்தம்பித்தது. பஸ்கள் நின்றன, ஆட்டோக்கள் நின்றன. சரி, ஒரு பஸ் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஸ்டாப்பில்தான் நின்றது. ஆனால் டிரைவர் தொப்பியைக் கழற்றினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அக்காவைத் தெரியாத இளைய பிள்ளைகளுக்காக ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகிப் பூனா வந்து, ராணுவக் கணக்கு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அது பகல் வேலை. அவருடைய உண்மையான வேலை, நம் சபையின் பாடகர் குழுவை நடத்தியது. சுருதி விலகினால் ஆள் யார் என்று பார்க்க மாட்டார். என்னையே வெளியே அனுப்பியிருக்கிறார். என் கட்டைக் குரல் சாதாரணக் குரல் அல்ல. நான் ஆமென் சொன்னால் கோர்படி யார்டில் நிற்கிற இன்ஜின் பதில் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு அக்கா, "துரை, உன் குரலு நல்ல குரலுதான். ஆனா அது வேற பாட்டுல்லா பாடுது. நீ டீயப் பாத்துக்கோ" என்றார். அன்றிலிருந்து பாடகர் குழுவின் டீக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பதவியில் என்னை மிஞ்ச இன்றுவரை ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை காலம் பூனாவில் இருந்தும் அக்காவுக்கு மராத்தி வராது. கொத்தமல்லி, வெங்காயம், எவ்வளவு, ரொம்ப ஜாஸ்தி என்பதற்குமேல் ஒரு வார்த்தை தெரியாது. "காய்கறி வாங்குத அளவுக்கு இருக்கு, போதும். சண்டை போடுததுக்கு என் பாஷைதான் வசதி" என்பார். என் மராத்தி அப்படி அல்ல. நான் பேசினால் காய்கறிச் சந்தையில் எழுந்து நின்று விலை சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டேன், ஆனால் பாஷைகள் என்னிடம் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் சொல்லப்போகிற விஷயமே ஒரு மராத்திச் சொல்லால் வந்தது.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம், ஆனால் எல்லா வீட்டிலும் உண்டு. வாயால் சொல்லக் கூசுகிற விஷயத்தை மராத்தியிலோ ஹிந்தியிலோ சொல்லிவிடுவோம். தமிழில் சொன்னால் பாவம் மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பாஷையில் சொன்னால் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி இருக்கும். மராத்தியில் 'பாடணே' என்று ஒரு சொல் உண்டு, கீழே விழ வைப்பது என்று அர்த்தம். மாங்காயைக் கல்லெறிந்து பாடுவார்கள். பழைய கட்டடத்தைப் பாடுவார்கள். சந்தையில் விலையைப் பாடுவார்கள். ஒரு பெண் வயிற்றில் இருக்கிற பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அதே சொல்தான். நம் ஜனங்கள் அந்த மராத்திச் சொல்லை எடுத்து, தமிழ் வாலை ஒட்டி, 'பாடிரலாம்', 'பாடச் சொல்லிட்டாங்க' என்று அடுப்படியில் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். சுந்தரி அக்கா வாழ்க்கை முழுக்கப் பாட்டோடு இருந்தவர். அந்தச் சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

அறுப்பின் பண்டிகைக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சபைக் கூடத்தின் பின்பக்கம் நான் டீ கெட்டிலோடு நிற்கிறேன். ஷீபா உள்ளே வந்தாள். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிபார்மோடு நேராக வந்திருந்தாள். ஆல்வினோடு கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. கண் வீங்கியிருந்தது. எங்கள் ஷீபா ரயில்வே காலனியில் மராத்திப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். அவள் தமிழ் நொண்டி நொண்டித்தான் நடக்கும்.

"அக்கா, வீட்ல பாடச் சொல்றாங்க."

அக்காவின் முகம் விளக்கேற்றினதுபோல ஆனது. "யாரு, உங்க மாமியாரா? ரோஸ்லினா சொல்லுதா?"

"ஆமா. ஆல்வினும் அதான் சரின்னு சொல்றார். எனக்கு இஷ்டம் இல்லக்கா. ஆனா சீக்கிரம் பாடணுமாம். லேட் ஆனா ப்ராப்ளமாம்."

"அது வாஸ்தவந்தான பிள்ள. நாளாக நாளாகக் கஷ்டந்தான். இப்பவே பாடிட்டா நல்லது."

ஷீபா ஒரு அடி பின்னால் போனாள். "நீங்களுமா அக்கா?"

"பின்ன? நான் எத்தன பேரப் பாட வச்சிருக்கேன்! இந்தா நிக்காளே டெய்சி, இவ அழுதுக்கிட்டேதான் வந்தா. இப்ப அவ முகத்தப் பாரு."

டெய்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினாள்.

"வலிக்குமாக்கா?"

"முதல்ல கொஞ்சம் தொண்ட வலிக்கும். மிளகுப் பாலு குடி, சரியாப் போவும்."

"தொண்டையா?" என்றாள் ஷீபா.

என் கையிலிருந்து கெட்டில் விழுந்து கூடமே அதிர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. விழவில்லை. ஆனால் முதல் வார்த்தையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருபது பேர் நடுவில் என்னவென்று போய்ச் சொல்வது? அக்கா பேசுவது பாட்டைப் பற்றி என்று ஷீபாவுக்கும் அந்தத் தொண்டை என்ற சொல்லில் புரிந்துவிட்டது. அழுகையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அவள் அக்காவைத் திருத்தவில்லை.

"எனக்குத் தனியா பயமா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"தனியா உன்ன எவ நிக்கச் சொன்னா? என் பக்கத்துல நில்லு. நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவள் நின்றாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரோடும் சேர்ந்து அவளும் பாடினாள், கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று அவளை என் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, என்னம்மா என்று கேட்டேன். எல்லாம் சொன்னாள். கம்பெனியில் அவள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பிள்ளை என்று தெரிந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சூப்பர்வைசர் ஜாடையாகச் சொல்லிவிட்டார். ஆல்வினுக்கு அப்போது வேலை போயிருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு நர்சிங் ஹோமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"மாமியத் திட்டாதீங்க மாமா. அவங்களுக்கும் பயம்தான்."

"உனக்கு?"

"இப்ப ஒன்னும் தெரியாது, ரொம்பச் சின்னதுன்னு டாக்டர் சொல்றார். ஆனா எனக்கு அது அங்க இருக்கு மாமா. இருக்குன்னு தெரியுது."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைப் படியில் வைத்து அக்காவிடம் உடைத்துச் சொன்னேன். மனுஷி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நானா? நானா சீக்கிரம் பாடுன்னு சொன்னேன்? அந்தப் பிள்ள என்கிட்ட வந்து அதயா கேட்டுச்சு?" தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினார். "வண்டிய எடு."

"சாப்பிட்டுட்டுப் போலாமேக்கா. வீட்ல மட்டன் வச்சிருக்கா."

"துரை, நீ பெரிய ஆளுதான். இப்ப வண்டிய எடு."

ரோஸ்லின் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா யாரையும் விசாரிக்கவில்லை. நேராக ஷீபா முன்னால் போய் நின்றார். "பிள்ள, நேத்து நான் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

ஷீபா வாயைத் திறக்குமுன் ரோஸ்லின் கரண்டியோடு வந்துவிட்டார். "அக்கா, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இது எங்க வீட்டு விஷயம். பாடறதுன்னு பேசி முடிச்சாச்சு."

"அந்த வார்த்தைய விடு ரோஸ்லின். நம்ம பாஷையில சொல்லு."

"என்ன பாஷையில சொன்னா என்ன? எல்லாம் ஒன்னுதான்."

"ஒன்னுதான்னா சொல்லேன்."

ரோஸ்லின் வாயைத் திறந்தார். மூடினார். "கலை..." என்று ஆரம்பித்தார்.

"கூட்டத்தக் கலைக்கலாம். போட்ட கோலத்தக் கலைக்கலாம். சரி, அதுவும் வேண்டாம். உன் மருமக இப்ப எப்படி இருக்கா? அதச் சொல்லு."

"உண்டாயிருக்கா."

"ஆங். உண்டாயிருக்கா. உண்டாயிட்டுதுல்லா? அப்ப உண்டாக்கினவர் ஒருத்தர் இருக்காருல்லா? உண்டானத இல்லன்னு நீயும் நானும் எப்படிச் சொல்ல?"

நான் பெரிய பெரிய கன்வென்ஷன் மேடைகளின் முன்வரிசையில் உட்கார்ந்தவன். இந்தக் காரியத்தைப் பற்றி அரைநாள் பிரசங்கமும் கேட்டிருக்கிறேன். அந்தச் சின்ன வரவேற்பறையில் கேட்ட இந்த வார்த்தைக்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. தமிழ் பேசுகிற நாம் ஒரு பெண்ணைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்ன உடனேயே, ஒரு ஆள் வந்தாயிற்று என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். அதற்கப்புறம் வேறு பாஷைக்குப் போய் ஒளிந்தால்தான் உண்டு.

ரோஸ்லின் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் ஒன்னு பாடினவதான்க்கா. ஆல்வினுக்கு அப்புறம். இவங்க அப்பாவுக்கு அப்ப சம்பளம் வரல. எங்க மாமியார் கூட்டிட்டுப் போனாங்க. சாயங்காலமே வந்து சப்பாத்தி போட்டேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானும் சொல்லல. எனக்கு அத எப்படித் தமிழ்ல சொல்றதுன்னே தெரியல."

ஆல்வின் கையில் இருந்த போனைக் கீழே வைத்தான். அவனுக்கு அதுவரை தெரியாது.

நம் விசுவாசத்தில் உறுதியான ஆள் அக்கா. இப்போது சரியான ஒரு வசனத்தை எடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுப்படிக்குப் போனார். அடிபிடிக்க ஆரம்பித்த குழம்பை அணைத்தார். திரும்பி வந்து, மடங்காத முட்டியை மடக்கி, ரோஸ்லின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் எங்க போயிருந்தேன் ரோஸ்லின்? உங்க வீடு எனக்குப் பக்கந்தான. நான் எங்க போய்த் தொலஞ்சேன்?"

இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழவில்லை, என் கண்ணில் மிளகாய் நெடி பட்டது.

கொஞ்சம் ஆறிய பிறகுதான் அக்கா ஷீபாவைப் பார்த்தார். "பிள்ள, எல்லாரும் பேசியாச்சு. உன்ன யாரும் கேக்கல. நீ சொல்லு."

"எனக்கு வேணும்" என்றாள் ஷீபா. நொண்டாத தமிழ்.

"வேலை?" என்றார் ரோஸ்லின். "பிள்ளையை யார் பாக்கறது? நான் ரெண்டு வீட்ல சமைச்சுக் குடுக்கறேன். இவ ஆறு மணிக்கு பஸ் ஏறணும்."

"நான் பாக்கேன்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

"முட்டி எனக்கு. மடி பிள்ளைக்கு."

திங்கட்கிழமை மதியம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசு மாறிப் போய்விட்டார்களோ, யாராவது வந்து அவர்கள் மனசைக் கலைத்துவிட்டார்களோ என்று இருந்தது. பிறகு போன் வந்தது. "மாமா, நான் கம்பெனில இருக்கேன். கேன்டீன்ல. பசிக்குது." அவ்வளவுதான் சொன்னாள். நான் கேம்புக்குப் போய் ஜிலேபி வாங்கி, காரணம் சொல்லாமல், கண்ணில் பட்ட எல்லோருக்கும் கொடுத்தேன். எனக்கு லாட்டரி விழுந்துவிட்டது என்று அன்று கிளம்பிய வதந்தி, நான் மறுக்காததால், ரொம்ப நாள் ஓடியது.

கம்பெனி சொன்னபடியே செய்தது. கான்ட்ராக்ட் போயிற்று. ஆனால் ஆல்வினுக்கு அதற்குள் வேலை கிடைத்துவிட்டது. நான் போட்ட ஒரு போனால் கிடைத்தது என்று நான் சொல்வேன்; தானே எழுதிப் போட்டுக் கிடைத்தது என்று அவன் சொல்வான். இரண்டும் சேர்ந்து நடந்திருக்கும். பிள்ளை பிறந்தபின் ஷீபா அதே ரஞ்சன்காவில் வேறு இடத்தில் சேர்ந்தாள். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலையில் பிள்ளை அக்கா வீட்டுக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். மதியம் ரோஸ்லின் வந்து பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே என்னென்னவோ பேசுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

பெண் குழந்தை. ரூத் என்று பெயர். அக்கா மடியிலேயே வளர்ந்த பிள்ளை, வயிற்றில் இருக்கும்போதே பாடகர் குழுவில் நின்ற பிள்ளை, எப்படிப் பாட வேண்டும்? குயில் மாதிரி என்றுதான் நானும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்குச் சுருதி என்பது மருந்துக்கும் கிடையாது. பாட்டு மேலே போனால் அவள் கீழே போவாள். எல்லோரும் முடித்தபின் அவள் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டு வருவாள். குரலோ, சொல்லவே வேண்டாம், என் வம்சம். என்னையே வெளியே அனுப்பிய அக்கா அவளைச் சிறுபிள்ளைகள் வரிசையில் முன்னால் நிறுத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, எனக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா?"

"நீ பாடுததுக்கு வந்த துரை. இவ இருக்கதுக்கு வந்தவ. பாடுனாத்தான் இருக்கலாம்னு ஆண்டவர் யாருகிட்டயும் சொல்லலயே."

பெரியவர்களான நாம் இதை மறந்துவிடுகிறோம். என்னத்துக்கு உதவும், இப்போது வசதிப்படுமா, நன்றாக வருமா என்று கணக்குப் பார்த்து ஒரு உயிரை உள்ளே விடுகிறோம். உருவாகும் முன்பே அறிந்திருக்கிறவர் ஒருவர் உண்டு என்று சொல்லிக்கொள்கிற நாமே அப்படிச் செய்கிறோம். ஆண்டவர் நினைத்திருந்தால் மேகத்திலிருந்து நேராக இறங்கியிருக்கலாம். அவரும் ஒரு தாயின் வயிற்றில் மாதக்கணக்கில் இருந்துதான் வந்தார். மரியாள் வந்து வாழ்த்தின சத்தம் கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியது நமக்கெல்லாம் தெரியும். அக்கா அதை வைத்துக் கர்ப்பமாயிருக்கிற பெண்களைக் கடைசி மாதம்வரை பாடகர் குழுவை விட்டுப் போக விட மாட்டார். "ஆண்டவர முதல்ல வரவேத்தது, இன்னும் பொறக்காத ஒரு பிள்ள. அதுவும் குரலக் கேட்டுத்தான் துள்ளிச்சு. அப்ப உள்ள இருக்கது நம்ம ஆளுதான?"

ஆனால் இதே காரியத்தைக் கம்பாகச் சுழற்றுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. ஒரு முறை பெண்கள் ஐக்கியத்தில் வெளியூரிலிருந்து வந்த சகோதரி ஒருவர், இப்படிச் செய்கிறவர்கள் கொலைகாரிகள், நரகம்தான் என்று மேஜையைத் தட்டிப் பேசினார். பின் பெஞ்சில் ரோஸ்லினின் தலை தாழ்ந்துகொண்டே போனது. அக்கா எழுந்து நின்றார். "சிஸ்டர், நீங்க சொல்லுதவ எங்கயோ இல்ல. இந்த பெஞ்சுலதான் உக்காந்துருக்கா, உங்க பேச்சு அவ காதுல விழுது. பிள்ளையக் காப்பாத்தணும்னா பயந்தவளப் போய்ப் பிடிக்கணும். பயமுறுத்திட்டு வந்துரக் கூடாது." கூட்டம் முடிந்து அவர் ரோஸ்லின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனதை, டீ கொடுக்கப் போயிருந்த நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அக்காவிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் அழுதுகொண்டு வந்தாலும், எது சொன்னாலும், உடனே பதில் சொல்ல மாட்டார். "நான் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு" என்பார். இரண்டாவது தடவை சொல்லும்போது ஜனங்கள் வேறு விஷயத்தைச் சொன்னார்கள். முதலில் தலைவலி என்று வந்தவள், இரண்டாவது தடவையில் புருஷன் அடித்ததைச் சொன்னாள். வயசாகி அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வெளியே பேச்சு. காது நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டு டிவியில் அடுத்த தெருவிலிருந்து சுருதி பிசகு கண்டுபிடிக்கிற காது அது.

கடைசி நாட்களில் அவரைத் தின்றுகொண்டிருந்தது நோய் மட்டும் அல்ல. போன மாதம் ஒரு மத்தியானம் நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயில் வாங்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"துரை, நீங்களுமான்னு கேட்டா அந்தப் பிள்ள. அந்தக் கேள்வி என் காதுல நிக்கி. நீ அங்க நிக்காம இருந்திருந்தா? என் பேச்சக் கேட்டுத் திங்கக்கிழம அவ போயிருந்தா? சுந்தரி அக்காவே சொல்லிட்டாவன்னு போயிருந்தா? நான் போய் அங்க எந்த முகத்தோட நிப்பேன்?"

"அதான் போகலயேக்கா. ரூத் ஸ்கூலுக்கே போறா."

"போகல. ஆனா நான் போகச் சொன்னேன்லா?"

நான் அடுத்த ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன். ஷீபா அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி மாதங்களில் அக்காவோடு தங்கிப் பார்த்துக்கொண்டது அவள்தான். எல்லாம் கேட்டிருக்கிறாள். கிண்ணத்தோடு வந்து நாற்காலி ஓரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க நிறையப் பேசினீங்க. மிளகுப் பால், தொண்டை, டெய்சி. முதல்ல எனக்கு ஒன்னும் புரியல. உங்களுக்கும் நான் சொன்னது புரியல. ஆனா என் பக்கத்துல நில்லுன்னு சொன்னீங்கல்ல, அது மட்டும் எனக்குச் சரியாக் கேட்டுச்சு. நீங்க என் கையப் பிடிச்சிருந்தப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். மறுநாள் நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

அக்கா அவள் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவ சொல்லு பிள்ள."

ஷீபா சொன்னாள். முழுதும் சொன்னாள். அக்கா கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் எனக்கு அந்தக் காலைப் போன் வந்தது. நான் ஏன் அப்பாடா என்றேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

கல்லறையில் பாடகர் குழு பாடியது. நடுவில் ரூத் தன் இஷ்டத்துக்குத் தனியாக ஒரு பாதையில் போய்க்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளை அடக்கவில்லை. ஆயர்கூட அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டோம். ரோஸ்லின் ஒரு பிடி போட்டார். நகர்வார் என்று பார்த்தேன். மறுபடியும் குனிந்து, இன்னொரு பிடி எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, மெதுவாகப் போட்டார்.

கூட்டம் கலைந்து வாசலுக்கு வரும்போது அவரோடு நடந்தேன். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

"ஒன்னு அக்காவுக்கு. இன்னொன்னு என் பையனுக்கு. பையன்தான்னு எனக்குத் தோணும். அவனுக்கு ஒரு பிடி மண்ணு போட எடமே இல்லாம இருந்துச்சு. அக்காகிட்டக் கேட்டேன். நான் போகும்போது அவனுக்கும் சேத்துப் போடு, நான் போய் அவனப் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாங்க. இப்பத்தான் தம்பி நெஞ்சுல பாரம் எறங்கிச்சு."

ஒரு மராத்தி வார்த்தை இல்லாமல் சொன்னார். எனக்கு அந்த நேரம் ஆயிரம் ஆறுதல் வார்த்தை வாயில் வந்து நின்றது. பேசுவதில் என்னை ஜெயிக்க இந்தப் பூனாவில் ஆள் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். அத்தனையையும் விழுங்கினேன். அக்காவின் ஆர்மோனியத்தை அவர் மகன் சபைக்குக் கொடுத்துவிட்டார். பாட்டுத் தாள்களை டெய்சி எடுத்துக்கொண்டாள். எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வாசலில் என் வாயிலிருந்து வந்த இது ஒன்றுதான்.

"எனக்குச் சரியாக் கேக்கலக்கா. இன்னொரு தடவ சொல்லுங்க."

ரோஸ்லின் வாசல் பக்கத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்தார். முதலிலிருந்து சொன்னார்.